யோகான்: ஜப்பானின் மேலைப்பாணி வீடுகளும் அவற்றை மீட்ட வரலாறும்

ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி மேலைநாட்டு முறையில் கட்டப்பட்ட வீடுகளும் மாளிகைகளும் ‘யோகான்’ என்று அழைக்கப்படுகின்றன. ‘யோ’ என்பது கடலையும், கடல் கடந்த மேலை நாடுகளையும் குறிக்கும். ‘கான்’ என்பது பெரிய கட்டடத்தைக் குறிக்கும். வெளிநாட்டவர் வாழ்ந்த வீடுகளுக்கு ‘இஜின்கான்’ என்ற பெயரும் உண்டு. நாகசாகி, கோபே, யோகோஹாமா, ஹகோடாடே ஆகிய துறைமுக நகரங்களிலும் டோக்கியோவிலும் இவ்வகை வீடுகள் இன்றும் காணப்படுகின்றன.

கட்டப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் எஞ்சியிருப்பவை மிகக் குறைவு. நிலநடுக்கம், போர், நிலத்தின் விலையேற்றம், வாரிசுரிமை வரி ஆகியவை பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன. எஞ்சிய ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும், இடிக்கப்படுவதற்கு முன் யாரோ ஒருவர் அதை விலைக்கு வாங்கிய, பெயர்த்து எடுத்து வைத்த, அல்லது தானமாக எழுதிக்கொடுத்த வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

துறைமுகங்கள் திறக்கப்பட்ட காலம்

இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வெளியுலகத் தொடர்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்த தோகுகாவா அரசு, 1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுடன் வணிக ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. அவற்றின்படி 1859இல் யோகோஹாமா, நாகசாகி, ஹகோடாடே ஆகிய துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 1868ஆம் ஆண்டின் முதல் நாளில் கோபே துறைமுகம் திறக்கப்பட்டது.

இந்த ஒப்பந்தங்கள் ஜப்பானுக்குச் சமமானவையாக இருக்கவில்லை. வெளிநாட்டவர் ஜப்பானியச் சட்டத்துக்கு உட்படாமல் தம் நாட்டுத் தூதரக நீதிமன்றங்களுக்கே கட்டுப்பட்டிருந்தனர். அதே வேளையில், அவர்கள் நாட்டின் எப்பகுதியிலும் வாழ முடியாது. ‘கியோர்யூச்சி’ எனப்பட்ட குடியிருப்புப் பகுதிகளுக்குள்தான் வீடு கட்ட வேண்டும். நிலத்தை அவர்கள் விலைக்கு வாங்க இயலாது. காலவரம்பற்ற குத்தகைக்கே பெற முடியும். எனவே தொடக்கக்கால மேலைப்பாணி வீடுகளில் பல, சொந்தமல்லாத நிலத்தின் மேல் எழுந்தவை. 1899இல் குடியிருப்பு முறை ஒழிக்கப்பட்டு, வெளிநாட்டவர் ஜப்பானியச் சட்டத்தின்கீழ் வந்தனர். ஆனால் அந்த நிலையான குத்தகை உரிமைகள் 1942 வரை நீடித்தன.

கோபேயில் ஒரு தனி நிலைமை இருந்தது. துறைமுகம் திறந்தபோது குடியிருப்புப் பகுதி தயாராகவில்லை. அதனால் வெளிநாட்டவரும் ஜப்பானியரும் கலந்து வாழும் பகுதி ஒன்றும் அனுமதிக்கப்பட்டது. பின்னாளில் மலையடிவாரத்தில் உள்ள கித்தானோ பகுதியில் வணிகர்களின் வீடுகள் பெருகியதற்கு இதுவே காரணம்.

தச்சர்கள் கட்டிய மேற்கு

முதல் தலைமுறை யோகான்களைக் கட்டியவர்கள் ஜப்பானியத் தச்சர்கள். அவர்கள் மேலைநாட்டு வீட்டைக் கண்ணால் கண்டதில்லை. வீட்டுக்காரர் சொன்ன குறிப்புகளையும் வரைபடங்களையும் கொண்டு, கோயிலும் களஞ்சியமும் கட்டிப் பழகிய கைகளால் கட்டினார்கள்.

நாகசாகியில் உள்ள குளோவர் இல்லம் இதற்குச் சிறந்த சான்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வணிகரான தாமஸ் பிளேக் குளோவருக்காக 1863இல் கட்டப்பட்ட இவ்வீடு, ஜப்பானில் எஞ்சியிருக்கும் மேலைப்பாணி மரவீடுகளில் மிகப் பழமையானது. அமாகுசா பகுதியைச் சேர்ந்த கோயாமா ஹிதேனோஷின் இதைக் கட்டிய தச்சர். முன்புறம் அகன்ற வராந்தா, உயர்ந்த கண்ணாடிக் கதவுகள், கணப்படுப்பு ஆகியவற்றைக் கண்டால் முற்றிலும் மேலைநாட்டு வீடாகத் தோன்றும். ஆனால் கூரையில் வேய்ந்தவை ஜப்பானிய ஓடுகள். சுவர்கள் ஜப்பானிய முறையில் பூசப்பட்ட மண்சுவர்கள்.

அந்த வராந்தாவுக்கும் ஒரு பயணக்கதை உண்டு. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வெயிலையும் மழையையும் தாங்க ஐரோப்பியர் கைக்கொண்ட அமைப்பு, வணிகர்களோடு சீனத் துறைமுகங்கள் வழியாக ஜப்பானை அடைந்தது. ஜப்பானின் குளிருக்கு அது பொருந்தவில்லை. பிற்கால வீடுகளில் வராந்தாவுக்குக் கண்ணாடிச் சன்னல்கள் பொருத்தி, வெயில் காயும் அறையாக மாற்றிக்கொண்டார்கள்.

மேலைப்பாணியைத் தச்சர்கள் தம் போக்கில் தழுவிக் கட்டிய கட்டடங்கள் ‘கியோஃபூ’ என்று வகைப்படுத்தப்படுகின்றன. மத்சுமோத்தோ நகரில் 1876இல் கட்டப்பட்ட கைச்சி பள்ளி இவ்வகையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 2019இல் இது தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

கல்வி கற்ற கட்டடக்கலைஞர்கள்

1877இல் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜோசையா காண்டர் ஜப்பானிய அரசின் அழைப்பின் பேரில் டோக்கியோ வந்து, பொறியியல் கல்லூரியில் ஆசிரியரானார். அவருடைய முதல் மாணவர்கள் 1879இல் தேர்ச்சி பெற்றனர். அவர்களுள் ஒருவரான தத்சுனோ கிங்கோ பின்னாளில் டோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்தார்.

செல்வர்களுக்கும் காண்டர் மாளிகைகளை வடிவமைத்தார். மித்சுபிஷி குழுமத்தின் மூன்றாம் தலைவரான இவாசாகி ஹிசாயாவுக்காக 1896இல் டோக்கியோவில் எழுந்த மாளிகை அவற்றுள் முக்கியமானது. இதில் மேலைப்பாணி மாளிகையை ஒட்டியே பெரிய ஜப்பானிய வீடும் இருந்தது. விருந்தினரை மேலைப்பாணி மாளிகையில் வரவேற்பது, குடும்பம் ஜப்பானிய வீட்டில் பாய்விரித்து வாழ்வது என்ற வழக்கத்தை இந்த இரட்டை அமைப்பு காட்டுகிறது.

1920களில் நடுத்தர வர்க்கத்தினரும் இதைச் சிறிய அளவில் பின்பற்றினர். ஜப்பானிய வீட்டின் வாசலருகே ஒரேயொரு மேலைப்பாணி வரவேற்பறையைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் பரவியது. 1988இல் வெளிவந்த ‘என் அயலான் தொதோரோ’ என்ற அசைவூட்டப் படத்தில் குழந்தைகள் குடியேறும் பழைய வீடு இவ்வகையைச் சேர்ந்தது.

ஏன் அழிந்தன?

யோகான்களின் அழிவுக்கு முதல் காரணம் நிலநடுக்கம். 1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த கான்டோ பெருநிலநடுக்கத்திலும் தொடர்ந்த தீயிலும் யோகோஹாமாவின் குடியிருப்புப் பகுதி ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. இன்று யாமாத்தே குன்றில் காணப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அதன் பிறகு கட்டப்பட்டவை, அல்லது வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. போர்க்கால விமானத் தாக்குதல்கள் அடுத்த பேரழிவு. போருக்குப் பின் எஞ்சிய மாளிகைகள் பலவற்றை அமெரிக்கப் படையினர் தம் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் தாண்டி நின்ற வீடுகளை அமைதிக்காலப் பொருளாதாரம் வீழ்த்தியது. ஜப்பானில் வீட்டுக்கு மதிப்பு குறைவு, நிலத்துக்கே மதிப்பு. வரிக்கணக்கில் மரவீட்டின் பயன்காலம் 22 ஆண்டுகள் மட்டுமே. அதைக் கடந்த வீட்டுக்குச் சந்தையில் பெரிய விலை கிடைப்பதில்லை. பழைய வீடு இருப்பதால் இடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு நிலத்துக்கு விலை பேசுவதும் உண்டு.

உரிமையாளர் இறந்ததும் சிக்கல் முற்றுகிறது. வாரிசுரிமை வரியை 10 மாதங்களுக்குள் செலுத்த வேண்டும். அதன் உச்ச விகிதம் 55 விழுக்காடு. நகரின் நடுவே பெரிய தோட்டத்துடன் உள்ள வீட்டைப் பெற்ற பிள்ளைகளிடம் அந்த அளவு கைப்பணம் இருப்பதில்லை. நிலத்தை வீட்டுமனை நிறுவனத்துக்கு விற்பதே எளிய வழி. நிறுவனம் வீட்டை இடித்து, மனையைப் பல துண்டுகளாகப் பிரித்து விற்கும். வீட்டை நேசித்த குடும்பமே அதை இடிப்பதற்குக் கையெழுத்திட வேண்டிய நிலை இவ்வாறு உருவாகிறது.

பாதுகாப்புச் சட்டங்கள்

1949 ஜனவரியில் நாரா அருகே உள்ள ஹோர்யூஜி கோயிலின் பொன் மண்டபத்தில் தீப்பற்றி, பழமையான சுவரோவியங்கள் கருகின. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1950இல் பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் கோயில்களும் கோட்டைகளுமே அதன் கவனத்தைப் பெற்றன. மெய்ஜி காலக் கட்டடங்கள் ‘நேற்றைய’ பொருள்களாகவே கருதப்பட்டன. 1961இல் குளோவர் இல்லமும் இவாசாகி மாளிகையும் ‘முக்கியப் பண்பாட்டுச் சொத்து’ ஆக்கப்பட்டது ஒரு திருப்பம்.

1975இல் சட்டம் திருத்தப்பட்டு, தனிக் கட்டடங்களோடு தெருக்களையும் பகுதிகளையும் காக்க வழி ஏற்பட்டது. கோபேயின் கித்தானோ பகுதி 1980இல் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடுத்த பெரிய மாற்றத்துக்கும் ஒரு பேரிடரே காரணம். 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில், எந்தப் பட்டியலிலும் சேராத பழைய கட்டடங்கள் ஏராளமாகச் சேதமடைந்து, கணக்கெடுக்கும் முன்னரே அகற்றப்பட்டன. 1996இல் ‘பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்து’ என்ற இலகுவான முறை கொண்டுவரப்பட்டது. கட்டி 50 ஆண்டுகள் கடந்த கட்டடங்கள் இதில் பதிவாகலாம். வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றுவதற்கு முன் அறிவித்தால் போதும். உள்ளே வாழ்க்கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வீட்டின் சொத்துவரி பாதியாகக் குறையும்.

‘முக்கியப் பண்பாட்டுச் சொத்து’ என்ற தகுதிக்கு அரசு மானியம் அதிகம், கட்டுப்பாடும் அதிகம். ‘பதிவுபெற்ற’ தகுதிக்குக் கட்டுப்பாடு குறைவு, உதவியும் குறைவு. பதிவு செய்யப்பட்ட வீட்டை இடிக்க உரிமையாளர் முடிவெடுத்தால் சட்டத்தால் அதைத் தடுக்க இயலாது. ஆகவே கட்டடம் யாருடைய கையில் இருக்கிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

வாங்கியவர்களும் காத்தவர்களும்

குளோவர் இல்லம் கைமாறிய வரலாறு ஜப்பானின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. குளோவருக்கும் ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்த குராபா தோமிசாபுரோ அவ்வீட்டில் வாழ்ந்தார். தென்மேற்கு ஜப்பானின் மீன்களைப் பற்றி ஓவியர்களைக் கொண்டு பெரிய படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கியவர் அவர். வீட்டின் முற்றத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் மித்சுபிஷி கப்பல் கட்டும் தளம் தெரியும். அங்கே ‘முசாஷி’ என்ற பெரும் போர்க்கப்பல் மறைவாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1939இல், வீடு மித்சுபிஷி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இரு நாட்டுக் குருதியும் கலந்த தோமிசாபுரோ போர்க்காலத்தில் ஐயத்தோடு நோக்கப்பட்டார். 1945 ஆகஸ்டில், போர் முடிந்த சில நாட்களில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1957இல் நிறுவனம் வீட்டை நாகசாகி நகருக்குத் தானமாக அளித்தது. 2015இல் அது மெய்ஜி தொழிற்புரட்சித் தலங்களுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இருந்த இடத்தில் காக்க முடியாத கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் காக்கும் முயற்சியும் நடந்தது. காண்டர் வடிவமைத்து 1883இல் திறக்கப்பட்ட ரொகுமெய்கான் விருந்து மாளிகை 1940ஐ ஒட்டி இடிக்கப்பட்டதைக் கண்டு கட்டடக்கலைஞர் தனிகுச்சி யோஷிரோ வருந்தினார். பள்ளித் தோழரும் ரயில் நிறுவனத் தலைவருமான ஒருவரின் துணையோடு 1965இல் ஐச்சி மாகாணத்தின் இனுயாமாவில் ‘மெய்ஜி மூரா’ என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை அவர் உருவாக்கினார். மெய்ஜி காலத்தையும் அதை ஒட்டிய காலத்தையும் சேர்ந்த 60க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கே மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. பிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த இம்பீரியல் ஓட்டலின் முகப்புப் பகுதியும் அவற்றுள் ஒன்று.

நகராட்சிகளும் வீடுகளைப் பெற்றன. 1910இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் கட்டப்பட்ட தூதர் உச்சிதா சதத்சுச்சியின் வீடு, 1997இல் யோகோஹாமாவின் குன்றுக்குப் பெயர்க்கப்பட்டது. கியோட்டோவில் 1927இல் வில்லியம் மெரல் வோரிஸ் வடிவமைத்த கோமாய் இல்லம், 2002இல் ஜப்பான் தேசிய அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது.

தியோடோரா ஓசாகி இல்லம்

அரசோ பெரிய நிறுவனமோ முன்வராதபோது தனிமனிதர்கள் ஒரு யோகானை விலைக்கு வாங்கி மீட்ட அண்மைக்கால நிகழ்வு டோக்கியோவின் செத்தகாயா வட்டத்தில் நடந்தது. கோதோகுஜி பகுதியின் குடியிருப்புத் தெருவில் வெளிர்நீல வண்ணத்தில் நிற்கும் இரண்டடுக்கு மரவீடு அது.

மெய்ஜி கால அரசியலரான ஓசாகி சபுரோ 1868இல் இங்கிலாந்து சென்று கல்வி கற்றவர். அங்கே பாத்தியா மாரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய மகள் தியோடோரா லண்டனில் பிறந்து வளர்ந்தார். பெற்றோர் பிரிந்த பிறகு பதின்ம வயதில் தந்தையின் நாட்டுக்கு வந்தார். 1888இல் தந்தை கட்டிய மேலைப்பாணி வீடே இது என்று ஆய்வுகள் கூறுகின்றன. இன்றைய மினாத்தோ வட்டத்தில் இருந்த வீடு, 1933இல் செத்தகாயாவுக்குப் பெயர்க்கப்பட்டது.

தியோடோரா ஜப்பானிய நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். 1903இல் வெளிவந்த அவரது கதைத்தொகுதி மேலைநாட்டுக் குழந்தைகளிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. அப்போது டோக்கியோ மேயராக இருந்தவர் ஓசாகி யுகியோ. இருவருக்கும் உறவில்லை, குடும்பப்பெயர் மட்டும் ஒன்று. ஒருவருக்கு வந்த கடிதங்கள் மற்றவருக்குத் தவறிப்போனதே அவர்களின் அறிமுகத்துக்கு வழிவகுத்தது என்று கூறப்படுகிறது. 1905இல் அவர்கள் மணந்துகொண்டனர். யுகியோ மேயராக இருந்தபோது அனுப்பிய செர்ரி மரங்கள்தான் 1912 முதல் வாஷிங்டன் நகரில் பூக்கின்றன. 1890 முதல் 1953 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் ‘அரசியலமைப்பு ஆட்சியின் தெய்வம்’ என்று போற்றப்பட்டார். அவருடைய புகழ் காரணமாக இவ்வீடு நீண்ட காலம் ‘யுகியோவின் வீடு’ என்றே அறியப்பட்டது. மீட்பு முயற்சியை ஒட்டிய ஆய்வுகளே அதன் கதையைத் தியோடோராவுக்குத் திருப்பிக் கொடுத்தன.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வீடு இடிக்கப்படவிருந்தது. அதே பகுதியில் வாழும் மாங்கா ஓவியர் யமாஷித்தா கசுமி, தாம் நாள்தோறும் கடந்து சென்ற வீடு இல்லாமல் போவதை ஏற்க முடியாமல் அதைக் காக்க முயன்றார். கட்டடக்கலையிலோ நிலவணிகத்திலோ அவருக்குப் பயிற்சி இல்லை. சக மாங்கா ஓவியர்கள் துணைநிற்க, கைப்பணத்தைத் திரட்டி வீடும் நிலமும் வாங்கப்பட்டன. பேரங்களையும் தடைகளையும் அச்சங்களையும் அவர் ‘செத்தகாயாவின் மிகப் பழைய யோகானுக்கு வீட்டுக்காரியாகிறேன்’ என்ற பொருள்படும் மாங்கா தொடராகவே வரைந்தார். பொதுமக்களிடமிருந்தும் நிதி திரட்டப்பட்டது. பழுதுபார்த்து முடித்த வீடு, 2024 மார்ச்சில் தேநீர் அறையும் மாங்கா ஓவியக் கூடமும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது.

வாங்குவது இம்முயற்சியின் பாதிதான். நூறாண்டு கடந்த மரவீட்டை மக்கள் கூடும் இடமாக்க, கட்டடச் சட்டம், தீத்தடுப்பு விதி, நிலநடுக்கத் தாங்குதிறன் ஆகிய மூன்றையும் நிறைவு செய்ய வேண்டும். குடியிருப்பைக் கடையாகவோ கூடமாகவோ மாற்றும்போது, பரப்பு 200 சதுர மீட்டரைத் தாண்டினால் பயன்பாட்டு மாற்றத்துக்கு முறையான ஒப்புதல் பெற வேண்டும். பழைய வீட்டின் வரைபடமே கிடைக்காத நிலையில் இது எளிதான வேலை இல்லை.

மீட்புப் பணி எவ்வாறு நடக்கிறது?

மீட்பின் முதற்படி ஆய்வு. ஒவ்வொரு தூணும் விட்டமும் அளக்கப்படுகின்றன. எது முதலில் கட்டியது, எது பின்னர் சேர்த்தது என்று ஆணித்துளைகளையும் பூச்சுகளையும் கொண்டு பிரித்தறிகிறார்கள். வண்ணத்தை அறியச் சுவர்ப்பலகையின் ஒரு சிறு பகுதியைப் படிப்படியாகத் தேய்க்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, ஒவ்வொரு காலத்துப் பூச்சும் வட்ட வட்டமாக வெளிப்படும்.

கோபேயில் 1903இல் அமெரிக்கத் துணைத்தூதர் ஹண்டர் ஷார்ப்புக்காகக் கட்டப்பட்ட வீடு, பல காலம் ‘வெள்ளை இஜின்கான்’ என்று அறியப்பட்டது. 1987இல் தொடங்கிய பழுதுபார்ப்பின்போது அதன் முதல் வண்ணம் இளம்பச்சை என்று தெரியவந்தது. வீட்டுக்கு அந்த வண்ணமே மீண்டும் பூசப்பட்டது. பெயரும் ‘மொயேகி இல்லம்’, அதாவது இளம்பச்சை இல்லம், என்று மாறியது.

சில வேளைகளில் சான்று கடல் கடந்து வருகிறது. கித்தானோவில் கூரை உச்சியில் காற்றுத்திசை காட்டும் சேவலோடு நிற்கும் செங்கல் வீடு, ஜெர்மானிய வணிகர் காட்ஃபிரீட் தாமசுக்காக 1909இல் கட்டப்பட்டது. முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மனிக்குச் சென்றிருந்த குடும்பம் திரும்பி வர முடியவில்லை. 1977இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரால் வீடு புகழ்பெற்றது. மறு ஆண்டு முக்கியப் பண்பாட்டுச் சொத்தானது. அதன் பின்னர் தாமசின் மகள் முதுமையில் கோபேக்கு வந்தார். அவர் வழியாகக் கிடைத்த பழைய புகைப்படங்கள் அறைகளின் உண்மைத் தோற்றத்தை மீட்க உதவின.

இரண்டாம் படி மரவேலை. ஈரமும் கரையானும் தூணின் அடிப்பகுதியைத்தான் முதலில் தாக்குகின்றன. முழுத்தூணையும் அகற்றுவதில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தைப் பிணைப்பு வெட்டிப் பொருத்துகிறார்கள். இது ‘நெத்சுகி’ எனப்படும். கட்டடத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்ட சீட்டுக் கட்டுவார்கள். முழு வீட்டையும் நெம்பித் தூக்கி உருளைகளின் மேல் நகர்த்தும் ‘ஹிகியா’ என்ற தொழிலும் ஜப்பானில் உண்டு. பழைய அடித்தளத்துக்குப் பதிலாகக் கான்கிரீட் அடித்தளம் இட இது உதவுகிறது.

மூன்றாம் படி நுண்வேலைகள். பழைய சன்னல் கண்ணாடியில் மெல்லிய அலை இருக்கும். அதன் வழியே பார்த்தால் தோட்டம் சற்று நடுங்குவதுபோல் தெரியும். உடைந்தால் அத்தகைய கண்ணாடி மீண்டும் கிடைப்பது அரிது என்பதால் ஒவ்வொன்றையும் கழற்றிப் பாதுகாக்கிறார்கள். இவாசாகி மாளிகையின் அறையொன்றில் ‘கிங்கரகவகமி’ என்ற சுவர்த்தாள் மீண்டும் ஒட்டப்பட்டுள்ளது. ஐரோப்பியப் பொன்தோல் அலங்காரத்தைப் பின்பற்றி, ஜப்பானியக் கைத்தாளில் உலோகத் தகடு ஒட்டி, செதுக்கிய மர உருளையில் அடித்து உருவம் எழுப்பிச் செய்வது அது. மெய்ஜி காலத்தில் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியான இத்தாளின் செய்முறை வழக்கொழிந்திருந்தது. மீட்புப் பணிகளுக்காகவே அது மறுபடி கற்றுக்கொள்ளப்பட்டது. வீடு மீட்கப்படும்போது ஒரு தொழிலும் மீட்கப்படுகிறது.

நிலநடுக்கம் என்னும் தேர்வு

ஜப்பானில் மீட்கப்பட்ட எந்த வீடும் அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்கியாக வேண்டும். கோபேயின் பழைய குடியிருப்புப் பகுதியில் எஞ்சியிருக்கும் ஒரே இஜின்கான் ‘பதினைந்தாம் எண் இல்லம்’. 1880ஐ ஒட்டிக் கட்டப்பட்ட இது, 1995 நிலநடுக்கத்தில் முற்றிலும் சரிந்து விழுந்தது. இடிபாடுகளிலிருந்து மரங்களைப் பொறுக்கியெடுத்து, பழைய பொருள்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைப் பயன்படுத்தி 1998இல் மீண்டும் எழுப்பினார்கள். இம்முறை அடித்தளத்துக்கும் வீட்டுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் கருவிகள் வைக்கப்பட்டன. தரை ஆடினாலும் வீடு மெல்லவே அசையும்.

எல்லா வீடுகளுக்கும் அவ்வளவு செலவு செய்ய முடியாது. பெரும்பாலும் சுவரின் உள்ளே குறுக்குச் சட்டங்களும் பலகைகளும் மறைவாகச் சேர்க்கப்படுகின்றன. கனமான செங்கல் புகைபோக்கிகள் உள்ளிருந்து இரும்பால் வலுப்படுத்தப்படுகின்றன. 1995இல் மொயேகி இல்லத்தின் கூரையிலிருந்து விழுந்த செங்கல் புகைபோக்கி, அதன் தோட்டத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது. குளோவர் இல்லத்தில் 2018 முதல் 2021 வரை பழுதுபார்ப்பும் நிலநடுக்க வலுவூட்டலும் நடந்தன.

எது உண்மையான வீடு?

மீட்பைப் பற்றிய விவாதங்கள் ஓயவில்லை. காண்டர் வடிவமைத்து 1894இல் கட்டப்பட்ட மித்சுபிஷி முதல் எண் கட்டடம், எதிர்ப்புகளை மீறி 1968இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில், பழைய வரைபடங்களைக் கொண்டு 2009இல் அதே தோற்றத்தில் புதிதாக எழுப்பப்பட்டு, மறு ஆண்டு கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வடிவம் திரும்பிவந்தது, 1894இன் செங்கல் திரும்பவில்லை.

பல தலைமுறைகள் வாழ்ந்த வீட்டை எந்தக் காலத்துக்குத் திருப்புவது என்பதும் கடினமான கேள்வி. முதலில் கட்டிய நிலைக்கே திருப்பினால், பின்னர் வாழ்ந்தவர்களின் அடுக்களையும் குளியலறையும் அழிக்கப்படும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் வீட்டின் வடிவம் தெளிவாகத் தெரியாது. பல இடங்களில் மீட்பவர்கள் ஒரு நடுவழியைத் தேர்கிறார்கள்: முகப்பும் வரவேற்பறையும் பழைய நிலைக்குத் திரும்பும், மற்ற அறைகள் இன்றைய பயன்பாட்டுக்கு மாறும்.

மீட்டபின் பராமரிப்பதே நீண்ட கடமை. மரவீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூச வேண்டும். நுழைவுக் கட்டணமும் தேநீர் வருமானமும் அதற்குப் போதுமா என்ற கணக்கு ஒவ்வோர் ஆண்டும் எழும். வாங்கியவருக்குப் பின் யார் பொறுப்பேற்பது என்ற கேள்விக்காகவே பல வீடுகள் சங்கங்களின் அல்லது அறக்கட்டளைகளின் பெயரில் பதிவு செய்யப்படுகின்றன. இல்லாவிட்டால், வீட்டைக் காத்தவரின் மறைவுக்குப் பின் அதே வாரிசுரிமை வரி மீண்டும் வாசலில் வந்து நிற்கும்.

முடிவுரை

2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. வீட்டுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் ஒரு பழைய வீட்டைக் காப்பது ஏன் என்ற கேள்வி இயல்பானது. சமமற்ற ஒப்பந்தங்களின் நிழலில் எழுந்த யோகான்கள், வெளியார் வகுத்த மாதிரியை உள்ளூர்த் தச்சர்கள் தம் கையால் வேறொன்றாக மாற்றியதற்குச் சான்றுகள். குளோவர் இல்லத்தின் மண்சுவரும், ஷார்ப் வீட்டின் இளம்பச்சையும், தந்தையின் நாட்டுக்கு வந்து சேர்ந்த தியோடோராவின் வாழ்வும் ஏட்டில் மட்டும் எழுதிவைத்துக் காக்கக்கூடியவை அல்ல. வெள்ளையென நம்பப்பட்ட வீடு பச்சை என்றும், யுகியோவுடையது எனப்பட்ட வீடு தியோடோராவுடையது என்றும் தெரியவந்தது அந்த வீடுகள் இடிக்கப்படாமல் நின்றதால்தான்.